நான்கு வருடப் பள்ளி, ஏழு வருட ஒப்பந்தம்

என் அக்கா மகள் எதைப் பார்க்க உட்கார்ந்தாலும் மொபைல் கையில் இருக்கும். திரையில் பேச்சு கொஞ்சம் இழுத்தால் போதும், கட்டைவிரல் தானாக நகரத் தொடங்கிவிடும். போன வருடம் பள்ளி முடிந்து கல்லூரி தொடங்குவதற்கு நடுவில் கிடைத்த இரண்டு மாதத்தை அவள் என்னோடு கழித்தாள். தினமும் ராத்திரி ஃப்ரைடே நைட் லைட்ஸ் என்ற அமெரிக்க சீரிஸ் பார்த்தோம். நான் பல வருடங்களுக்கு முன்பே பார்த்தது, அவளுக்குப் புதுசு. டெக்ஸஸில் டில்லன் என்று ஒரு கற்பனை ஊர், அங்கே ஒரு ஹைஸ்கூல் ஃபுட்பால் அணி, அந்தப் பிள்ளைகளையும் கோச் குடும்பத்தையும் சுற்றி நடக்கும் கதை. அமெரிக்க ஃபுட்பாலின் விதிகள் எங்கள் இருவருக்கும் தெரியாது, அது ஒரு குறையாகவும் படவில்லை. மூன்றாவது எபிசோட் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன், அவள் மொபைலைக் குப்புறக் கவிழ்த்து மேஜைமேல் வைத்திருந்தாள். மறுநாளும் அப்படியே. முதல் சீசனின் 22 எபிசோடும் முடியும்வரை அது அங்கேயேதான் கிடந்தது.

அப்புறம் இரண்டாவது சீசன் ஆரம்பித்தது. அதன் முதல் எபிசோடைப் பார்த்தவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று தெரிந்திருக்கும். டைரா என்ற மாணவியைத் துரத்திவந்து மறுபடி தாக்கியவனை, அவள்மேல் ஆசை வைத்திருக்கும் லாண்ட்ரி என்ற பையன் அடிக்கிறான், அவன் செத்துப்போகிறான், இரண்டு பேருமாகச் சேர்ந்து உடலை ஆற்றில் தள்ளுகிறார்கள். அந்த சீரிஸ் முழுவதிலும் அதைவிடப் பரபரப்பான சம்பவம் கிடையாது. சரியாக அந்த இடத்தில்தான் அவள் கை நீண்டு மொபைலை எடுத்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. எபிசோட் முடிந்ததும் அவளாகவே சொன்னாள்: "சித்தி, இனிமே போலீஸ் என்ன பண்ணுதுன்னு பாத்தா போதும்ல? இவங்க என்ன பண்ணுவாங்கன்னு பாக்க வேண்டாம்."

இந்த வாக்கியம் பல மாதமாக என்னை விடவில்லை. பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பற்றிய சீரிஸ்கள் ஏன் முதல் சீசனில் அவ்வளவு நன்றாக இருந்துவிட்டு இரண்டாவதிலோ மூன்றாவதிலோ சரிந்துபோகின்றன என்று யாராவது கேட்டால், "கதை தீர்ந்துபோச்சு, இழுக்குறாங்க" என்று சொல்லிவிட்டு நகர்கிறவளாகத்தான் நானும் இருந்தேன். எல்லா சீரிஸுக்கும் அதையே சொல்லலாமே. மருத்துவமனை சீரிஸ்கள் பத்துப் பதினைந்து வருடம் ஓடுகின்றன, போலீஸ் சீரிஸ்கள் அதற்கும் மேலே. பள்ளிக்கூடக் கதைக்கு மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் மூச்சு வாங்குகிறது?

பருவுக்கு ஒரு முழு எபிசோட்

முதலில், ஆரம்பத்தில் அவை ஏன் நன்றாக இருக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். 1994-ல் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் வந்த மை ஸோ-கால்டு லைஃப் சீரிஸ், அதன் நாயகி ஏஞ்சலா தலைமுடிக்குச் சிவப்புச் சாயம் பூசுவதில் தொடங்குகிறது. நடப்பது அவ்வளவுதான், ஆனால் அவளுடைய அம்மாவுக்கு அது ஏதோ கைவிட்டுப் போனதுபோல இருக்கிறது. அதே சீரிஸில் முகத்தில் வந்த ஒரு பருவை வைத்து ஒரு முழு எபிசோட் உண்டு. ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ் என்ற இன்னொரு பள்ளி சீரிஸில் சாம் என்ற பையன் ஆசை ஆசையாக ஒரு பகட்டான சூட் வாங்கிப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போவான், உள்ளே காலெடுத்து வைத்த நிமிடத்தில் தப்புப் பண்ணிவிட்டோம் என்று தெரிந்துவிடும், ஆனால் அன்று முழுவதும் அதே உடையோடு இருந்தாக வேண்டும். எனக்கு அந்தக் காட்சியைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும். யாரும் சாகவில்லை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை, ஆனாலும் அந்தப் பையனுக்கு அன்றைக்கு உலகம் முடிந்துவிட்டது.

இந்த வகைக் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அந்த வயதில் சின்ன விஷயத்துக்கும் பெரிய விஷயத்துக்கும் எடை ஒன்றுதான். வராத ஒரு போன், சாப்பாட்டு மேஜையில் தன் பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தார்கள், உட்காரவில்லை, அப்பா எல்லார் முன்னாலும் சொன்ன ஒரு வார்த்தை, இதெல்லாம் நெஞ்சில் கல்லாக உட்காரும். பெரியவர்களான பிறகு நாம் இதை மறந்துவிடுகிறோம், மறக்காவிட்டால் பிழைக்கவும் முடியாது. நல்ல முதல் சீசன் நமக்குள் மறந்துபோன அந்தத் தராசை எடுத்து மறுபடி தூக்கிப் பிடிக்கிறது. ஃப்ரைடே நைட் லைட்ஸின் இரண்டாவது எபிசோடில் ஒரு காட்சி. அணியின் நட்சத்திரம் ஜேசன் ஸ்ட்ரீட் முதல் மேட்சிலேயே அடிபட்டுப் படுத்துவிட்டான். மாற்று ஆளாக வந்த மேட் சராசனுக்குப் பேசவே நாக்கு எழாது, அப்பா ராணுவத்தில் ஈராக்கில், வீட்டில் நினைவு தடுமாறும் பாட்டியை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். கோச் ஒருநாள் ராத்திரி அவன் வீட்டுக்கு வந்து, அவனை யாருமில்லாத மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுகிறார், பந்தை வீசச் சொல்கிறார். சம்பவம் என்று பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. ஒரு பெரிய மனிதர் தன் நேரத்தைத் தனக்காகச் செலவழிக்கிறார் என்பதை அந்தப் பையன் அந்த நிமிடம் உணர்கிறான், அதைப் பார்த்துக்கொண்டு நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இதை எழுதுகிறவர்களுக்கு எங்கிருந்து கிடைக்கிறது? பெரும்பாலும் அவரவர் பள்ளி நாட்களிலிருந்து. ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸை உருவாக்கிய பால் ஃபீக்கும் தயாரிப்பாளர் ஜட் அபடோவும் தங்கள் எழுத்தாளர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, பள்ளியில் உங்களுக்கு நடந்த மிக நல்லது எது, மிக மோசமானது எது என்று எழுதச் சொல்லி அதிலிருந்து கதைகளை எடுத்தார்கள். டாசன்ஸ் க்ரீக் என்ற சீரிஸை உருவாக்கிய கெவின் வில்லியம்சன் வட கரோலினாவில் கழிந்த தன் இளமையிலிருந்துதான் அதை எழுதினார், இரண்டு சீசன் முடிந்ததும் விலகிவிட்டார். ஒருவருக்குச் சொந்தமாக இருப்பது ஒரே ஒரு பதினாறு வயது. அவமானம், முதல் காதல், நண்பனோடு சண்டை, வீட்டில் பிரச்சினை என்று எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் முப்பது நாற்பது மணிநேரத்தில் அடி தெரிந்துவிடும். போலீஸ் சீரிஸ் எழுதுகிறவருக்கு வாராவாரம் புது வழக்கு வாசலில் வந்து நிற்கும். இங்கே வாசலில் வந்து நிற்க எதுவுமில்லை, உள்ளேயிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஆனால் இதற்கு நேர் எதிராக ஒரு சாட்சி இருக்கிறது, அதை மறைப்பது நியாயமில்லை. டாசன்ஸ் க்ரீக்கில் பலருக்கும் பிடித்த பகுதி, எனக்கும்தான், வில்லியம்சன் போன பிறகு வந்த மூன்றாவது சீசனில் பேஸி என்ற பையனுக்கும் ஜோயி என்ற பெண்ணுக்கும் நடக்கும் காதல் கதை. வேறு ஆட்கள் வந்து, வேறு நினைவுகளோடு எழுதினார்கள். அப்போதும் அது ஏன் நின்றது என்று யோசித்தால், அதுவும் ஒரு சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது. ஜோயி ஓவியம் வரைவதற்கு பேஸி ஒரு சுவரை வாடகைக்கு எடுத்துக் கொடுப்பான். நகையோ முத்தமோ கிடையாது, ஒரு சுவர். ஆக, முதலில் எழுதியவர் போய்விட்டால் எல்லாம் போயிற்று என்று சொல்லிவிட முடியாது. சின்ன விஷயத்தின்மேல் இருக்கும் நம்பிக்கை போனால்தான் போகிறது.

கணக்கு இடிக்கிறது

அந்த நம்பிக்கை ஏன் போகிறது என்பதற்குப் பாதி பதில் கணக்கில் இருக்கிறது. அமெரிக்க ஹைஸ்கூல் நான்கு வருடம். கதை பெரும்பாலும் இரண்டாம் வருடத்தில் தொடங்கும், ஒரு சீசனுக்கு ஒரு வருடம் என்றால் மூன்று சீசனில் பிள்ளைகள் பள்ளியை விட்டு வெளியேறியாக வேண்டும். பழைய நெட்வொர்க், அதாவது பெரிய டிவி சேனல்களின் வழக்கப்படி வருடத்துக்கு 22 எபிசோட், மூன்று வருடத்துக்கு 66. ஆனால் ஒரு சீரிஸ் மற்ற சேனல்களுக்கு மறுஒளிபரப்பாக நல்ல விலைக்குப் போக வேண்டுமென்றால் சுமார் 100 எபிசோட் சேர வேண்டும் என்பது அந்தத் தொழிலில் நீண்டகாலமாக இருந்த அளவுகோல். 66-க்கும் 100-க்கும் நடுவில் பள்ளி முடிந்துபோகிறது. இன்னொரு பக்கம் நடிகர்களின் ஒப்பந்தம். நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் வார்னர் நிறுவனத்தை எதிர்த்துப் போட்ட வழக்கில், 1944-ல், ஏழு வருடத்துக்கு மேல் ஒருவரை ஒப்பந்தத்தில் கட்டிவைக்க முடியாது என்று கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்த உச்சவரம்பை ஒட்டியே தொலைக்காட்சி ஒப்பந்தங்கள் ஆறு, ஏழு வருடத்துக்குப் போடப்பட்டு வந்திருக்கின்றன. பள்ளி நான்கு வருடம், ஒப்பந்தம் ஏழு வருடம். கதை தொடங்கும் முன்பே, முதல் வசனம் எழுதும் முன்பே, இந்த மூன்று வருட ஓட்டை காகிதத்தில் இருக்கிறது.

ஒரே வருடத்துக்குள்ளும் கணக்கு இடிக்கும். 2003 ஆகஸ்டில் தொடங்கிய தி ஓ.சி. என்ற சீரிஸின் முதல் சீசன் மட்டும் 27 எபிசோட். அதை உருவாக்கிய ஜோஷ் ஷ்வார்ட்ஸுக்கு அப்போது 26 வயது. ஓட ஓட எரித்துக்கொண்டே போனார்கள்: கதாநாயகன் ரையனை கோஹன் குடும்பம் ஏற்பது, அவன் காதலி மரிஸாவின் பெற்றோர் பிரிவது, மெக்ஸிகோவில் அவள் மாத்திரைகளை விழுங்குவது, ஆலிவர் துப்பாக்கியை எடுப்பது, லூக்கின் அப்பா பற்றிய ரகசியம் வெளியே வருவது, தெரசா கர்ப்பமாவது, ரையன் கிளம்பிப் போவது, எல்லாம் ஒரே வருடத்தில். நான்கு வருடத்துக்குப் பிரித்துச் சாப்பிட வேண்டியதை ஒரு வருடத்தில் தின்றுவிட்டார்கள். மூன்றாவது சீசன் முடிவில் மரிஸாவைச் சாகடித்தார்கள், 2007 பிப்ரவரியில் சீரிஸே முடிந்தது. முதல் சீசனைப் பார்க்கும்போது அந்த வேகம்தான் போதையாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நம்மைக் கட்டிப்போட்ட அதே வேகம்தான் கடைசியில் அதைக் கவிழ்த்தது.

நடிகர்களின் வயதும் இதில் சேரும். சிறுவர்களை வைத்துப் படம் எடுத்தால் வேலை நேரத்துக்குச் சட்டப்படி வரம்பு உண்டு, செட்டிலேயே பாடம் நடத்த வேண்டும். அதனால்தான் இருபதுகளில் இருப்பவர்களை எடுக்கிறார்கள். பெவர்லி ஹில்ஸ் 90210 தொடங்கியபோது ஆண்ட்ரியாவாக வந்த கேப்ரியல் கார்டெரிஸுக்கு 29 வயது. முதல் வருடம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ளலாம், நான்காம் வருடம் முடியாது. மை ஸோ-கால்டு லைஃப் ஒளிபரப்பானபோது ஏஞ்சலாவாக நடித்த கிளேர் டேன்ஸுக்கு நிஜமாகவே 15 வயதுதான், அதனால் அவர் செட்டில் இருக்கக்கூடிய நேரமும் குறைவு. அந்த இடத்தை நிரப்ப அம்மா, அப்பா, நண்பர்களுக்கு அதிகக் காட்சிகள் எழுதினார்கள். அந்தச் சட்ட நெருக்கடியால்தான் அதில் பெற்றோர்களும் முழு மனிதர்களாக வந்தார்கள். இந்த வகையில் அம்மா அப்பா இவ்வளவு உயிரோடு இருக்கும் சீரிஸ் எனக்குத் தெரிந்து மிகவும் குறைவு.

இப்போது ஸ்ட்ரீமிங் வந்து எட்டு, பத்து எபிசோடாகக் குறைந்துவிட்டதே, பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டுமே என்றால், இடைவெளி என்ற புதுப் பிரச்சினை வந்திருக்கிறது. யூஃபோரியாவின் முதல் சீசன் 2019-ல், இரண்டாவது 2022-ல். ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் வேறு ஜாதிக் கதை என்றாலும் அங்கேயும் இதே சங்கடம்: கதைக்குள் முக்கியச் சம்பவங்கள் 1983 முதல் 1987 வரை நான்கு வருடம், வெளியே 2016 முதல் 2025 வரை. முன்பு எழுத்தாளர்களுக்குக் கதை தீர்ந்தது, இப்போது நடிகர்களுக்குக் குழந்தை முகம் தீர்கிறது.

பள்ளி முடிந்த பிறகும் கதையை இழுக்கக் கல்லூரிக்குப் போவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். 90210-ல் கிட்டத்தட்ட மொத்தக் கூட்டமும் ஒரே பல்கலைக்கழகத்தில் போய்ச் சேரும். ஒன் ட்ரீ ஹில் என்ற சீரிஸ் கல்லூரி வேண்டவே வேண்டாம் என்று நான்கு வருடத்தைத் தாண்டிக் குதித்தது, அந்த முடிவில் ஒரு நேர்மை இருந்தது. பள்ளியில் நமக்குப் பிடிக்காதவர்களோடும் ஒரே அறையில் உட்கார்ந்தாக வேண்டும், வேறு வழியே இல்லை. கல்லூரிக்குப் போனால் எழுந்து போய்விடலாம். எழுந்து போக முடிகிற இடத்தில் இந்தக் கதைக்கு வேலை இல்லை.

அந்த ஆற்றங்கரை

மறுபடி ஃப்ரைடே நைட் லைட்ஸுக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்குப் புரியாமல் இருந்தது அந்தக் கொலைதான். அந்த சீரிஸுக்குக் கதை தீர்ந்திருக்கவில்லை. முதல் சீசன் முடியும்போது கோச் வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறார், மனைவி கர்ப்பமாக டில்லனிலேயே இருக்கிறார், மகள் ஜூலிக்கும் மேட்டுக்கும் நடுவில் என்ன ஆகும் என்று தெரியவில்லை, நடக்க முடியாமல் போன ஸ்ட்ரீட் அடுத்து எங்கே போவான் என்று தெரியவில்லை. இருந்ததை வைத்தே இரண்டு வருடம் ஓட்டியிருக்கலாம். பார்த்தவர்கள் குறைவு, எப்போது வேண்டுமானாலும் ரத்தாகும் என்ற நிலை, அவ்வளவுதான். புதிதாக ஆட்களை இழுக்க ஏதாவது பெரிதாக வேண்டும் என்று தோன்றியிருக்கும். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன், நூற்றுக்கணக்கானவர்களின் வேலை அதில் தொங்குகிறது.

ஆனால் அந்தக் கொலை என்ன செய்தது என்று பாருங்கள். முதல் சீசனில் லாண்ட்ரிக்கு டைராவின்மேல் இருந்த ஆசை எத்தனை அழகாக, எத்தனை மெதுவாக நகர்ந்தது. அவள் இவனோடு உட்கார்ந்து படிக்க ஒப்புக்கொண்டாளா, இவன் சொன்னதற்குச் சிரித்தாளா என்பதே ஒரு வாரத்துக்கான கேள்வியாக இருந்தது. ஆற்றில் ஒரு உடல் மிதக்கும்போது அவள் சிரித்தாளா என்று யார் கேட்பார்கள்? கேட்கவே கூடாது, அப்படிக் கேட்டால் நாமே மனசாட்சி இல்லாதவர்கள் ஆகிவிடுவோம். தராசின் ஒரு தட்டில் இவ்வளவு பெரிய கல்லைத் தூக்கி வைத்துவிட்டால் அப்புறம் மற்ற தட்டில் எதை வைத்தாலும் எழும்பாது. அந்தப் பையனுடைய கூச்சம், தகப்பனிடம் அவனுக்கு இருந்த பயம், மேட்டோடு இருந்த நட்பு எல்லாமே ஒரே நாளில் எடை இழந்துவிட்டன. அக்கா மகள் சொன்னது இதைத்தான் என்று எனக்கு உறைக்க இவ்வளவு நாள் ஆயிற்று. இவர்கள் என்ன செய்வார்கள் என்பது இனி இவர்கள் கையில் இல்லை. விசாரணை வரும், வாக்குமூலம் வரும், வழக்கு நிற்கும் அல்லது நிற்காது, அது வேறொரு கதையின் விதிகள். அந்த விதிகள் நமக்கு ஏற்கெனவே தெரிந்தவை, அதனால்தான் அவள் மொபைலை எடுத்தாள்.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. மூன்றாவது சீசனில் அந்தக் கொலையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நடக்கவே இல்லை என்பதுபோல நகர்ந்துவிட்டார்கள். அதுவரை அந்த சீரிஸ் எதையும் மறந்ததில்லை. பாட்டி நேற்று என்ன மறந்தாள் என்பதைக்கூட நினைவு வைத்திருந்த சீரிஸ் அது. ஒரு சின்ன அவமானத்தை ஐந்தாறு எபிசோட் சுமந்து திரிந்தவர்கள், ஒரு மனிதன் செத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். வேறு வழி இருந்திருக்காது என்பதும் எனக்குப் புரிகிறது. சுமந்தால் அது லாண்ட்ரியை முழுசாக விழுங்கியிருக்கும், விட்டால் பொய்யாகிவிடும்.

கொலை வந்தாலே கெட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. துப்பறியும் பள்ளி மாணவி ஒருத்தியைப் பற்றிய வெரோனிகா மார்ஸின் முதல் சீசன் தொடக்கம் முதல் கடைசிவரை ஒரு கொலையைச் சுற்றித்தான், ஆனால் செத்தவள் வெரோனிகாவின் உயிர்த்தோழி. அந்தத் துப்பறிதலே அவளுடைய துக்கம். கதை பிறந்ததே அந்த எடையில்தான். வெறும் கூச்சத்தின் எடையில் பிறந்த கதைக்குள் பாதியில் பிணத்தைக் கொண்டுவருவது வேறு.

அதே இரண்டாவது சீசனில் இன்னொரு காட்சி இருக்கிறது. எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தால் அந்த சீசன் 15 எபிசோடோடு நின்றுபோனது, அந்தக் காட்சி அதன் கடைசிப் பகுதியில் வரும். மேட் குடித்துவிட்டுத் தள்ளாடுகிறான். கோச் அவனை இழுத்துக்கொண்டு போய் உடுத்திய துணியோடு குளியல் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுகிறார். அவன் அழுதுகொண்டே கேட்கிறான்: எல்லாரும் என்னை விட்டுப் போகிறார்களே, அப்பா போனார், உங்கள் பெண் போனாள், நீங்களும் போனீர்கள், என்னிடம் என்ன குறை? கோச்சுக்குப் பதில் இல்லை. உன்னிடம் ஒரு குறையும் இல்லை என்று மட்டும் சொல்கிறார். அந்தக் காட்சி வந்தபோது நான் திரையைப் பார்க்காமல் பக்கத்தில் பார்த்தேன். மொபைல் மேஜைமேல் இருந்தது. எப்போது வைத்தாள் என்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரிந்திருக்காது.

வழியனுப்பத் தெரிந்தவர்கள்

மூன்றாவது சீசனிலிருந்து அந்த சீரிஸ் எழுந்து நின்றதற்கு வெளிக் காரணம் ஒன்று சொல்லலாம். அதை ஒளிபரப்பிய என்பிசி சேனலும் டைரக்டிவி என்ற செயற்கைக்கோள் டிவி நிறுவனமும் செலவைப் பங்கிட்டுக்கொண்டன, சீசனுக்கு 13 எபிசோட் என்று சுருங்கியது, மூச்சு விட இடம் கிடைத்தது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பிள்ளைகள் போகத்தான் போகிறார்கள் என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அணியில் ஆடிய ஸ்மாஷுக்கும் ஸ்ட்ரீட்டுக்கும் ஆளுக்கு நான்கு எபிசோட் கொடுத்து ஒழுங்காக வழியனுப்பினார்கள். நான்காவது சீசனில் கோச்சையே ஊரின் இன்னொரு பக்கத்துக்கு, கிழக்கு டில்லனுக்கு அனுப்பி, வின்ஸ், ஜெஸ், லூக், பெக்கி என்று புதுப் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடத்தில் நிஜமாக நடப்பது அதுதானே, ஆசிரியர் அங்கேயே இருப்பார், பிள்ளைகள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

இங்கிலாந்தின் ஸ்கின்ஸ் இதை முதலிலிருந்தே விதியாக வைத்துக்கொண்டது: இரண்டு சீசனுக்கு ஒருமுறை கிட்டத்தட்ட மொத்தக் கூட்டமும் மாறும். நார்வேயின் ஸ்காம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2015-லிருந்து 2017 வரை நான்கே சீசன், ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் ஒருவருடைய கண் வழியாகக் கதை, ஈவா, நூரா, இசாக், சனா என்று. ஒரு காட்சி வெள்ளிக்கிழமை ராத்திரி நடக்கிறது என்றால் அந்தத் துண்டு வெள்ளிக்கிழமை ராத்திரிதான் இணையத்தில் வரும். உலகம் முழுக்க ரசிகர்கள் சேர்ந்து, இன்னும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அதை உருவாக்கிய யூலியே ஆண்டெம் நிறுத்திவிட்டார்.

ஆளை மாற்றுவது எல்லா நோய்க்கும் மருந்து என்றும் சொல்ல மனம் வரவில்லை. ஸ்கின்ஸின் மூன்றாவது தலைமுறையோடு எனக்கு ஒட்டவே இல்லை. ஃப்ரைடே நைட் லைட்ஸின் நான்காவது சீசனை முதல்முறை பார்த்தபோது வின்ஸைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது, இவன் யார், மேட் எங்கே என்று. அவனை ஏற்றுக்கொள்ள நான்கு எபிசோட் ஆயிற்று. தயாரிப்பாளர்கள், நெட்வொர்க், ஒப்பந்தம் என்று இவ்வளவு நேரம் சொன்னேன், ஆனால் அவர்கள் ஏழு வருடம் இழுப்பதற்கு ஒரு காரணம் நாம். நமக்குப் பிடித்த பிள்ளைகள் நம் வீட்டிலேயே, அதே பதினாறு வயதிலேயே இருக்க வேண்டும் என்று கேட்கிறோம். 19 எபிசோடோடு நிறுத்தப்பட்ட மை ஸோ-கால்டு லைஃபை, நல்லவேளை, கெடுவதற்குள் முடிந்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள், என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. கடைசிக் காட்சியில் ஏஞ்சலா தான் விரும்பும் ஜோர்டனின் காரில் ஏறிப் போகிறாள், ஜோர்டன் பெயரில் அவளுக்கு வந்த கடிதத்தை உண்மையில் எழுதிய பிரையன் தெருவில் நிற்கிறான், அவள் திரும்பிப் பார்க்கிறாள். எனக்கு இன்றைக்கும் இருபதாவது எபிசோட் வேண்டும். அது மோசமாக இருந்தாலும் வேண்டும்.

நான்காவது சீசனின் பாதியில் அக்கா மகளுக்குக் கல்லூரி திறந்துவிட்டது. நாங்கள் கடைசியாகச் சேர்ந்து பார்த்தது ஐந்தாவது எபிசோட், மேட் தன் அப்பாவைப் புதைக்கிற எபிசோட், மண்வெட்டியை வாங்கி அவனே குழியை மூடுவான். அன்றைக்கு அவள் ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். மீதியை ஹாஸ்டலில் இருந்து தனியாகப் பார்க்கிறாள். இரண்டு வாரம் கழித்து ஒரு ராத்திரி ஒரு மணிக்குச் செய்தி வந்தது: "மேட் கார் எடுத்துட்டுப் போய்ட்டான் சித்தி. ஜூலிகிட்ட சொல்லவே இல்ல." ஏன் அப்படிப் போனான், எழுதியவர்கள் ஏன் அப்படி எழுதினார்கள், அது ஏன் எனக்குச் சரியென்று படுகிறது என்றெல்லாம் நீளமாக அடித்தேன், பாதியில் அழித்துவிட்டேன். "ஆமா" என்று மட்டும் அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து, "வின்ஸ் நல்லாருக்கான்ல" என்று வந்தது. ஐந்தாவது சீசனின் கடைசி எபிசோடை மட்டும் அவள் விடுமுறைக்கு வரும்போது சேர்ந்து பார்ப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.